பித்தக்குழாய் தொற்று: ஆன்டிபயாடிக் ஏன் சில நேரம் தோற்றுப்போகிறது?

காய்ச்சல், குளிர் நடுக்கம், மஞ்சள் கண்... இந்த மூன்றும் சேர்ந்தால் ஏன் உஷாராகணும்? மருந்துக்கு அடங்காத கிருமிகள் பித்தக்குழாய்க்கு எங்கிருந்து வருகின்றன? ஒரு விரிவான விளக்கம்.

கண் மஞ்சளாகிவிட்டால் நம்ம ஊரில் பலருக்கு முதலில் வரும் யோசனை கீழாநெல்லி. ‘மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது’ என்ற பேச்சு இன்றும் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தப் பேச்சு பிறந்ததற்குக் காரணமும் இருக்கிறது. அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், பெயர் அதற்குப் போய்விடும்.

ஆனால் காமாலை என்பது நோய் இல்லை, அது ஓர் அறிகுறி. பின்னால் வைரஸ் இருக்கலாம், மது இருக்கலாம், கல் இருக்கலாம், கட்டி இருக்கலாம். கல்லோ கட்டியோ பித்தக்குழாயை அடைத்து, அடைத்த இடத்தில் பாக்டீரியா பெருகிவிட்டால், நாட்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. இதற்குப் பெயர் ‘கோலாஞ்சைட்டிஸ்’, அதாவது பித்தக்குழாய் தொற்று. சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து. இதற்கு ‘இங்கிலீஷ் மருந்து’ இருக்கிறது. ஆனால் அந்த மருந்தின் பலம்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது.

பித்தக்குழாயில் அப்படி என்ன நடக்கிறது?

கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பு செரிக்க இதுதான் உதவுகிறது. பித்தநீரின் ஒரு பகுதி பித்தப்பையில் சேமிக்கப்படும். சாப்பிட்டதும் அது பித்தக்குழாய் வழியாகச் சிறுகுடலில் இறங்கும். குழாய் குடலில் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை கேட் மாதிரி நிற்கிறது. பித்தநீர் கீழே இறங்கலாம், குடலில் உள்ளது மேலே ஏறக் கூடாது. அதுதான் அதன் வேலை.

குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆனால் ஆரோக்கியமானவரின் பித்தநீரில் பொதுவாகக் கிருமி இருக்காது. அந்தக் கேட், இடைவிடாத பித்தநீர் ஓட்டம், பித்த உப்புகளின் கிருமி எதிர்ப்புத் தன்மை மூன்றும் சேர்ந்து காவல் காக்கின்றன.

பித்தப்பையில் இருந்து ஒரு சின்னக் கல் நழுவிக் குழாயில் சிக்கினால் இந்தக் காவல் உடைகிறது. ஓட்டம் நின்றுபோன பித்தநீர், தேங்கிய குட்டைத் தண்ணீர் மாதிரி. கிருமிகள் அதில் வேகமாகப் பெருகும். பித்தநீரோ பின்னால் சுரந்துகொண்டே இருப்பதால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் கிருமிகளும் அவற்றின் நச்சும் கல்லீரல் வழியாக நேராக ரத்தத்தில் கசியும். திடீர் காய்ச்சலுக்கும், உடம்பைத் தூக்கிப்போடும் நடுக்கத்துக்கும் இதுதான் காரணம்.

கல் மட்டும்தான் காரணம் என்றில்லை. பித்தக்குழாய், கணையத்தின் தலைப்பகுதி ஆகியவற்றில் வரும் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்குப் பின் குழாய் சுருங்குவது, ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்வது என வேறு வழிகளும் உண்டு. ‘பித்தப்பையைத்தான் எடுத்தாச்சே, இனி கல் பிரச்சினை கிடையாது’ என்று நினைப்பதும் சரியல்ல. பித்தப்பை இல்லாதவருக்கும் குழாயில் கல் இருக்கலாம்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்கணும்?

பிரெஞ்சு மருத்துவர் ழான்-மார்ட்டின் ஷார்கோ 1877-இல் குறிப்பிட்ட மூன்று அறிகுறிகள் இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு முதல் பாடம்:

- குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
- மேல் வயிற்றின் வலது பக்கம் வலி
- கண், தோல் மஞ்சளாவது

இவற்றோடு ரத்த அழுத்தம் இறங்குவது, மனக்குழப்பம் ஆகிய இரண்டும் சேர்ந்தால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லா நோயாளிக்கும் மூன்று அறிகுறிகளும் ஒரே நேரத்தில் வராது. குறிப்பாக, வயதானவர்களுக்கு வெறும் சோர்வும் குழப்பமும் மட்டுமே தெரியலாம். அதனால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் போதாதா?

போதாது. பித்தக்குழாய் தொற்றில் பலர் தவறவிடும் விஷயம் இது.

சீழ் கட்டியைக் கீறிவிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் என்ன ஆகும்? கட்டி அப்படியே இருக்கும். இங்கும் அதே கதைதான். நாம் எடுக்கும் மருந்து ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்துதான் பித்தநீருக்குள் வர வேண்டும். குழாய் அடைபட்டு அழுத்தம் ஏறியிருக்கும்போது அந்தச் சுரப்பே முடங்கிவிடுகிறது. ரத்தத்தில் போதுமான மருந்து இருந்தாலும், கிருமி குடியிருக்கும் இடத்துக்குத் தேவையான அளவு போய்ச் சேராது.

அதனால் அடைப்பை நீக்குவதுதான் மையமான சிகிச்சை. இன்று பெரும்பாலும் இது இ.ஆர்.சி.பி. என்ற எண்டோஸ்கோபி முறையில் நடக்கிறது. வாய் வழியாக வளையும் குழாயைச் சிறுகுடல் வரை செலுத்தி, அந்த ‘கேட்’ தசையைச் சிறிதாக வெட்டி, கல்லை வெளியே எடுப்பார்கள். கல்லை உடனே எடுக்க முடியாத நிலையில் ஒரு ஸ்டென்ட் வைத்து, தேங்கிய பித்தநீரை வடியவிடுவார்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 1974-இல் இந்தத் தசையை எண்டோஸ்கோபி மூலம் வெட்டும் முறை வந்தது. அதற்கு முன் வயிற்றைத் திறந்து அறுவை செய்வதே முக்கிய வழியாக இருந்தது.

எவ்வளவு சீக்கிரம் செய்யணும்? தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்த நோயாளிக்கு 12 மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். அந்த மணி நேரங்களில் நோயாளியைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது ஆன்டிபயாடிக். அது சரியான மருந்தாக இல்லாவிட்டால்?

கிருமி யார்?

பித்தக்குழாயில் அதிகம் பிடிபடுபவை ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் ஆகியவை. மருத்துவமனைக்கு அடிக்கடி போய்வந்தவர்களிடம் சூடோமோனாஸ், என்டரோபாக்டர் போன்றவையும் வரலாம். இவற்றில் பெரும்பாலானவை வெளியில் இருந்து படையெடுத்து வந்த கிருமிகள் இல்லை. நம் குடலிலேயே குடியிருப்பவை. இடம் மாறிப் போனதால் எதிரி ஆனவை.

இங்கேதான் நம் மாத்திரைப் பழக்கம் உள்ளே வருகிறது. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக், சளியை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலுக்குள் போய் வேலை செய்யும். மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போகும். அடங்காதவை தப்பிப் பெருகும். இந்த மாற்றம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். அந்த நேரத்தில் பித்தக்குழாயில் கல் சிக்கினால், மேலே ஏறும் கிருமி ஏற்கெனவே மருந்தைப் பார்த்துப் பழகியதாக இருக்கும்.

பாக்டீரியா மருந்தை வெல்ல முக்கியமான வழி நொதி. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளின் மையத்தில் ஒரு வளைய அமைப்பு உண்டு. ‘ஈ.எஸ்.பி.எல்.’ என்ற நொதிகளைச் சுரக்கும் பாக்டீரியா அந்த வளையத்தைக் கத்தரித்துவிடும். செஃப்ட்ரியாக்சோன் மாதிரி தினசரி பயன்படும் ஊசிகள் அதோடு காலி. அடுத்து டாக்டர்கள் கையில் எடுப்பது மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் வகை. அதையும் வெட்டும் நொதிகள் வந்துவிட்டன. அவற்றில் உலகப் புகழ் பெற்றதன் பெயரிலேயே நம் தலைநகரம் இருக்கிறது: ‘நியூடெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்’, சுருக்கமாக என்.டி.எம்-1.

டெல்லியில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து 2010-இல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்த ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் என்.டி.எம்-1 இருப்பதைக் காட்டியது. முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. நோய்க் கிருமிக்கு இந்திய நகரின் பெயரா என்று அப்போது பெரிய சர்ச்சை வெடித்தது. பெயர் பற்றிய சண்டை ஓய்ந்தது, நொதி ஓயவில்லை. காரணம், இந்த மரபணு ‘பிளாஸ்மிட்’ என்ற தனித் துணுக்கில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதை ஃபைல் ஷேர் பண்ணுவது போலக் கைமாற்றும். ஈ.கோலையிடம் இருப்பது கிளெப்சியெல்லாவுக்கும் போகும்.

இந்தியாவில் நிலைமை எப்படி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தன் கண்காணிப்பு வலையமைப்பில் உள்ள மருத்துவமனைகளில் இருந்து ஆண்டுதோறும் தரவுகளை வெளியிடுகிறது. 2021-க்கான அறிக்கையின்படி, இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்படும் ஈ.கோலையின் பங்கு 2016-இல் 86%. 2021-இல் அது 64%. கிளெப்சியெல்லாவில் சரிவு இன்னும் மோசம்: 65%-இல் இருந்து 43%.

இவை பெரிய மருத்துவமனைகளுக்கு வந்த, பெரும்பாலும் சிக்கலான நோயாளிகளின் மாதிரிகள். தெருவில் போகும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் முற்றிய பித்தக்குழாய் தொற்றோடு வருபவர் போய்ச் சேர்வது அதே பெரிய மருத்துவமனைகளுக்குத்தான்.

உலக அளவில், 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் புதுப்பித்த ஆபத்தான பாக்டீரியா பட்டியலில் கார்பபெனமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா உச்சத்தில் இருக்கிறது.

பித்தக்குழாயில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

முதல் காரணம், ஸ்டென்ட். பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்த சில நாட்களிலேயே அதன் உட்புறத்தில் பாக்டீரியாக்கள் ஒட்டி, வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். ‘பயோஃபிலிம்’ எனப்படும் இந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் ஊடுருவாது. நாளடைவில் படலமும் பித்தக் கசடும் சேர்ந்து ஸ்டென்ட்டையே அடைக்கும். அதனால்தான் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டைப் பொதுவாக 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ சொல்கிறார்கள். வலி போய்விட்டது, கண் தெளிந்துவிட்டது என்று ரிவியூவுக்குப் போகாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. ‘மறக்கப்பட்ட ஸ்டென்ட்’ என்று இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. அது திரும்பத் திரும்பத் தொற்றைக் கொண்டுவரும்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக். ஒவ்வொரு தொற்றுக்கும் ஒரு கோர்ஸ், ஒவ்வொரு கோர்ஸிலும் தப்பிய கிருமி அடுத்த முறைக்குத் தயார். புற்றுநோயால் குழாய் அடைபட்டு ஸ்டென்ட்டோடு வாழ்பவர்கள் இந்தச் சுழலில் அதிகம் மாட்டுகிறார்கள்.

மூன்றாவது காரணத்தை உலகம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது. அது உயிரைக் காப்பாற்றும் அதே எண்டோஸ்கோபி கருவி.

கழுவியும் போகாத கிருமி

இ.ஆர்.சி.பி.க்குப் பயன்படும் ‘டியோடினோஸ்கோப்’ சாதாரண எண்டோஸ்கோப் இல்லை. உள்ளே செலுத்தும் கம்பியின் கோணத்தை மாற்ற, அதன் நுனியில் நகரும் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதன் இண்டு இடுக்குகளில் பிரஷ் சரியாகப் போகாது. கருவி அதிகச் சூட்டைத் தாங்காது என்பதால் கொதிநீராவியில் வைக்கவும் முடியாது. ரசாயனத்தில் ஊறவைத்துக் கழுவி, அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்துவார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2013-இல் என்.டி.எம். நொதி கொண்ட ஈ.கோலை தொற்று 39 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 35 பேர் ஒரே மருத்துவமனையில் டியோடினோஸ்கோப் செலுத்தப்பட்டவர்கள். விசாரித்தால், கருவியைக் கழுவிய முறையில் தவறே இல்லை. எல்லாம் விதிப்படி நடந்திருந்தது. எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமிநீக்கம் செய்யத் தொடங்கிய பிறகே புதிய தொற்றுகள் நின்றன.

அடுத்து 2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு மருத்துவமனை. கார்பபெனமுக்கு அடங்காத கிருமி 7 பேருக்குத் தொற்றியது, அவர்களில் 2 பேர் இறந்தனர். இந்தத் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று 179 பேருக்குத் தகவல் சொல்லப்பட்டது. 2016-இல் வெளியான அமெரிக்க செனட் குழு அறிக்கை, 2012-க்கும் 2015-க்கும் இடையில் இத்தகைய 25 பரவல்களையும் குறைந்தது 250 பாதிப்புகளையும் கணக்கிட்டது. இதையடுத்துக் கருவியின் வடிவத்தையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். நுனி மூடியைக் கழற்றி எறியும் கருவிகளுக்கு மாறும்படி 2019-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் முழு டியோடினோஸ்கோப்புக்கும் அதே ஆண்டு அனுமதி கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு இ.ஆர்.சி.பி. வேண்டாம் என்று யாரும் ஒதுங்கக் கூடாது. அடைபட்ட குழாயை அப்படியே விடுவதுதான் பல மடங்கு ஆபத்து. கருவியைச் சுத்தம் செய்யும் முறை, கண்காணிப்பு ஆகியவற்றை மருத்துவமனைகள் எவ்வளவு தீவிரமாக எடுக்க வேண்டும் என்பதற்கான பாடம் இது.

டாக்டர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதல் ஆயுதம், கல்ச்சர் டெஸ்ட். ரத்தத்தையும், அடைப்பை நீக்கும்போது கிடைக்கும் பித்தநீரையும் ஆய்வகத்தில் வளர்த்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை ஒரு மருந்தை அனுமானித்துத் தொடங்க வேண்டும். அந்த ஊரில், அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமி எதற்கு அடங்குகிறது என்ற பட்டியல் இங்கே கைகொடுக்கும். கல்ச்சர் முடிவு வந்ததும், சாதாரண மருந்தே போதும் என்றால் அதற்கு இறங்கிவர வேண்டும். பெரிய மருந்திலேயே தங்கிவிடக் கூடாது.

எத்தனை நாள் மருந்து? பித்தக்குழாய் தொற்றுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் டோக்கியோ வழிகாட்டுதலின் 2018 பதிப்பு, அடைப்பு சரியாக நீங்கிய பிறகு 4 முதல் 7 நாள் என்கிறது. ரத்தத்தில் என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் இருந்தால் குறைந்தது 2 வாரம். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று நீட்டிக்கும் ஒவ்வொரு நாளும் எதிர்ப்புக் கிருமிக்குத்தான் லாபம்.

கார்பபெனமும் கைவிட்டால் மிச்சம் இருப்பவை குறைவு. பழைய மருந்தான கோலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. என்.டி.எம். நொதியால் வெட்ட முடியாத அஸ்ட்ரியோனாம் மருந்தை, மற்ற நொதிகளைத் தடுக்கும் அவிபாக்டமோடு சேர்த்துக் கொடுப்பது இப்போதைய முக்கிய நம்பிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி 2012-இல் வெளியிட்ட ‘சென்னை பிரகடனம்’, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தச் சொன்னது. 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த ‘அட்டவணை எச்1’, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பபெனம் உட்பட 24 ஆன்டிபயாடிக்குகளைக் கூடுதல் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. அவற்றை விற்கும்போது மருந்துக்கடை நோயாளி, டாக்டர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டின் பயன்பாட்டுக்கு 2019-இல் தடை வந்தது. கேரளம் 2024-இல் சீட்டில்லா விற்பனையைப் பிடிக்க ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் கடைகளில் திடீர் சோதனை தொடங்கியது. விதி இருக்கிறது, கவுன்ட்டரில் அது எவ்வளவு நடக்கிறது என்பதைக் கடைசியாகக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கியவர்களே சொல்லிவிடலாம்.

நாம என்ன செய்யலாம்?

- காய்ச்சலும் நடுக்கமும் மஞ்சள் கண்ணும் சேர்ந்து வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பத்தியம், நாட்டு மருந்து என்று நாள் கடத்த வேண்டாம்.
- முந்தைய சீட்டில் மிச்சமான ஆன்டிபயாடிக்கை நீங்களும் போடாதீர்கள், மற்றவருக்கும் கொடுக்காதீர்கள்.
- கடந்த சில மாதங்களில் எடுத்த ஆன்டிபயாடிக், மருத்துவமனையில் தங்கிய விவரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.
- ‘கல்ச்சர் எடுத்தாச்சா, ரிசல்ட் எப்போ வரும்?’ என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனாலும் அது பயன்படும்.
- ஸ்டென்ட் வைத்திருந்தால், அது பிளாஸ்டிக்கா மெட்டலா, எந்தத் தேதிக்குள் எடுக்கணும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிக்கு இப்போதே போனில் ரிமைண்டர் போடுங்கள். வீட்டில் அம்மா, அப்பாவுக்கு வைத்திருந்தால் அந்த ரிமைண்டர் உங்கள் போனில் இருக்கட்டும்.